வேலூர் தோல் பதனிடல் வழக்கு: சட்டப் பணியில் பெரியோரும் சிறியோரும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் என்பது, தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த பொதுநல வழக்காகும். சுற்றுச்சூழல் சட்டத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. பணபலம் மிக்க தரப்புக்கு எதிராக ஒரு சிறிய தரப்பு நீதிமன்றத்தில் எவ்வாறு ஈடுகொடுக்க முடிந்தது என்பதையும் இவ்வழக்கு காட்டுகிறது.

பின்னணி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்கள் பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் மையங்கள். முன்பு ஆவாரம்பட்டை முதலியவற்றைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. பின்னர் குரோமிய உப்பைப் பயன்படுத்தும் முறை பரவியது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் வயல்களிலும் ஓடைகளிலும் பாலாற்றிலும் கலந்து கிணறுகளைக் கெடுத்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் மதிப்பிட்டதைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

சட்டப் பணி யாரிடம் செல்கிறது?

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைத் தேடக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. ஆகவே பெயர், பழக்கம், பரிந்துரை ஆகியவற்றின் வழியாகவே வேலை வருகிறது. 1956ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் கூட்டாண்மையில் 20 பேருக்கு மேல் சேர்வதைத் தடுத்திருந்ததால், சட்ட நிறுவனங்கள் பெரிதாக வளர்வதும் கடினமாக இருந்தது. ஒரு மூத்த வக்கீல், சில ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா என்பதே மாவட்ட நீதிமன்றங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு.

தொழிற்சாலை உரிமையாளருக்கு ஒப்பந்தம், வரி, ஏற்றுமதி, தொழிலாளர் வழக்கு என ஆண்டு முழுவதும் சட்டத் தேவை உண்டு. அத்தகைய வேலைக்கு அலுவலகங்கள் போட்டியிடுவது இயல்பு. கிணறு கெட்ட விவசாயியின் நிலை வேறு. அவருடைய இழப்பைத் தனியாகப் பார்த்தால் தொகை சிறியது. அதை மெய்ப்பிக்கும் செலவோ பெரியது. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளை, கிடைக்கும் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பேசிக்கொண்டு நடத்தும் நிறுவனங்கள் உள்ளன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய விதிகள் தடை செய்கின்றன. அதனால் இந்த வேலைக்குப் பெரிய அலுவலகமும் போட்டியிடவில்லை, சிறிய அலுவலகமும் போட்டியிடவில்லை.

வழக்கு

அந்த இடைவெளியைப் பொதுநல வழக்கு நிரப்பியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின் கீழ் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகியது. மன்றத்துக்காக எம். சி. மேத்தா வாதாடினார். கங்கைக் கரையில் கான்பூரின் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான வழக்கை முன்பே நடத்தியவர் அவர். அந்த அனுபவம் இங்கே உதவியது.

இரண்டு காரணங்கள் சிறிய தரப்பின் குறையை ஈடுசெய்தன. முதலாவது, ஆய்வுச் செலவு. நீதிமன்றமே நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வறிக்கைகளைப் பெற்றது. இரண்டாவது, மெய்ப்பிக்கும் பொறுப்பு. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று காட்ட வேண்டியது தொழில் நடத்துபவரே என்று நீதிமன்றம் கூறியது.

தீர்ப்பு

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என ஏற்றது. வடாற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மேத்தாவுக்குக் கட்டணமாகவும் செலவாகவும் 50,000 ரூபாயைத் தமிழ்நாடு அரசு வழங்க வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுகள் நடந்த வழக்குக்கு இது சிறிய தொகையே.

தீர்ப்புக்குப் பின்

வழக்கில் வெல்வது ஒரு வேலை. வென்றதைக் கைக்குக் கொண்டுவருவது வேறொரு வேலை. இழப்பீடு நிர்ணயம், மேல்முறையீடு, வசூல் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் கோப்புகளைப் பின்தொடரும் ஆட்கள் வேண்டும். பெரிய தரப்பின் பலம் இங்கேதான் மீண்டும் தலைதூக்குகிறது. பாலாற்று மாசு தொடர்பான மற்றொரு வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குரிய இழப்பீட்டை அரசே வழங்கி, பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் கூறியது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

நீதிமன்றம் ஆய்வையும் மெய்ப்பிக்கும் பொறுப்பையும் மாற்றி அமைத்ததால் ஒரு சிறிய மன்றம் வெல்ல முடிந்தது. தீர்ப்பை நிறைவேற்றும் கட்டத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால், அந்த வெற்றியின் பலனுக்கு விவசாயிகள் ஒரு தலைமுறைக்காலம் காத்திருக்க நேர்ந்தது.