மதுக்கரை – சென்னை: வான்தொலைவும் பயண நேரமும்

கோவைக்குத் தென்மேற்கே, பாலக்காடு சாலையில் உள்ள மதுக்கரைக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் கோவையின் பீளமேட்டில் இருக்கிறது. நேர்கோட்டில் ஏறத்தாழ 17 கி.மீ.; நீலாம்பூர் புறவழிச்சாலையிலோ நகருக்குள்ளோ போனால் தொலைவு கூடும்.

வான்தொலைவு: இரு விமான நிலையங்களுக்கு இடையே பூமியின் மேற்பரப்பை ஒட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய வளைகோடு ‘பெருவட்டத் தொலைவு’ எனப்படும். கோவை நிலையம் 11.03° வடக்கு, 77.04° கிழக்கு, சென்னை நிலையம் 12.99° வடக்கு, 80.18° கிழக்கு. இடைத்தொலைவு சுமார் 405 கி.மீ. ரயில் பாதையோ 495 கி.மீ.க்குக் குறையாது.

பயண நேரம்: மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 405 கி.மீ.யைக் கடக்க அரை மணி நேரம் போதும். ஆனால் கால அட்டவணை ஒரு மணி நேரத்துக்கும் மேல் காட்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குமுன் வரிசையில் காத்திருப்பது ஆகியவையும் அதில் அடங்கும்.

ஒப்பீடு: ஆர்க்டிக் பகுதியில் நார்வேயின் டிராம்சோவுக்கும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் லாங்இயர்பியனுக்கும் இடையே சுமார் 960 கி.மீ. கடல் குறுக்கிடுவதால் அங்கே சாலையும் இல்லை, ரயிலும் இல்லை.

மதுக்கரைக்காரருக்கு மாற்றுவழி உண்டு: 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய சென்னை – கோவை வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சேர்த்துவிடும்.