கால் டொலரில் ஒரு கற்பாலம்

மன்னர் மறைவர், மாளிகைகள் இடியும். அவர் வெளியிட்ட காசோ மண்ணுக்கடியிற் கிடந்து, ஒருநாள் வெளிப்பட்டுத் தன் காலத்தின் கதையைக் கூறும். ஆயினும் காசு கூறுவது முழுக்கதையன்று. ஓரங்குலத்திலும் குறைந்த வட்டத்துள் எதனைப் பொறிப்பது, எதனை விடுப்பது என்பதை அதனை வகுத்தோரே முடிவு செய்கின்றனர். இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்கா 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிக்கசோ கால் டொலர் நாணயமாகும்.

2008 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. 50 மாநிலங்களிலும், தலைநகர் மாவட்டத்திலும், 5 ஆட்சிப்புலங்களிலும் இயற்கை எழிலாலோ வரலாற்றாலோ சிறந்த ஒவ்வோர் இடத்தைத் தெரிந்து, அதனைக் கால் டொலரின் பின்புறத்திற் பொறிக்க வேண்டும் என அது விதித்தது. 2010 தொடங்கி 2021 வரை 56 நாணயங்கள் வெளிவந்தன. முன்புறத்தில் ஜோர்ஜ் வாஷிங்டனின் உருவம் நிலைபெற்றது. வரைவுகளை நுண்கலை ஆணைக்குழுவும் குடிமக்கள் நாணய ஆலோசனைக் குழுவும் ஆராய்ந்தன. இறுதித் தெரிவு திறைசேரிச் செயலாளருடையது. பின்புறத்தில் எவருடைய மார்பளவு உருவமும் இடம்பெறலாகாது எனவும் சட்டம் தடுத்தது.

ஒக்லகோமா மாநிலத்துக்கெனத் தெரிவானது, சல்பர் என்னும் ஊரை அடுத்துள்ள சிக்கசோ தேசியப் பொழுதுபோக்குப் புலம். சல்பர் என்பதன் பொருள் கந்தகம். கந்தகமும் பிற கனிப்பொருள்களும் கலந்த ஊற்றுக்கள் அங்கே சுரக்கின்றன; அவை பிணி தீர்க்கும் என நம்பி மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து நீராடினர். காட்டெருமை ஊற்று, மான் ஊற்று எனப் பெயரிய நன்னீர் ஊற்றுக்களும் உள.

இவ்வூற்றுக்கள் பொதுவுடைமையாக நிலைத்த வரலாறே கவனித்தற்குரியது. மிசிசிப்பியின் வடபகுதியிலும் அதனை அடுத்த நிலங்களிலும் வாழ்ந்த சிக்கசோ மக்கள், 1837 முதல் தம் தாயகத்தை விட்டு மேற்கே பெயர்க்கப்பட்டனர். புதிய மண்ணிலும் அவர்களுக்கு அமைதி நீடிக்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில், குலத்துக்குப் பொதுவாயிருந்த நிலத்தைத் தனியாட்களுக்குக் கூறுபோட்டு, குல ஆட்சியையும் கலைக்க அமெரிக்க அரசு முனைந்தது. அங்ஙனம் கூறுபோட்டால் ஊற்றுக்கள் வணிகர் கைப்படும்; வேலி எழும்; நீருக்கு விலை பிறக்கும். ஆதலின் 1902 ஆம் ஆண்டில், சிக்கசோ மக்களும் அவர்தம் அயலவரான சொக்டோ மக்களும் 640 ஏக்கர் நிலத்தை அரசிடம் ஒப்படைத்தனர். எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்த வேளையிலும் நீரை எல்லார்க்கும் பொதுவாக வைக்க அவர்கள் கண்ட வழி அது.

ஆனால், 1906 ஆம் ஆண்டில் அந்நிலம் தேசியப் பூங்காவானபோது அதற்கு வைக்கப்பட்ட பெயர் வேறு. முந்திய ஆண்டு மறைந்த கனெற்றிக்கட் மாநிலச் செனற்றர் ஓர்வில் பிளாற் என்பாரின் பெயரே சூட்டப்பட்டது. 1907 இல் ஒக்லகோமா மாநிலமாயிற்று. 1976 இல் அருகிலிருந்த ஆர்பக்கிள் புலத்துடன் பூங்கா இணைக்கப்பட்டபொழுதுதான், நிலந்தந்தோரின் பெயர் அதற்கு வாய்த்தது. பிளாற்றின் பெயர் அங்கே நிலைத்தது 70 ஆண்டுகள்.

இனி, நாணயத்தை நோக்குக. டோனா வீவர் வரைந்து, ஜிம் லிகரெற்ஸ் செதுக்கிய பின்புறத்தில் இருப்பது லிங்கன் பாலம். டிராவற்றீன் ஓடைக்குக் குறுக்கே சுண்ணக்கல்லால் எழுந்த அப்பாலம், ஆபிரகாம் லிங்கன் பிறந்த நூற்றாண்டு நிறைவைப் போற்ற 1909 இல் அமைக்கப்பட்டது. அதே நூற்றாண்டு நிறைவுக்கென, அதே 1909 இல், விக்டர் டேவிட் பிரெனர் வடித்த லிங்கன் உருவம் அமெரிக்க ஒரு சதக் காசில் ஏறியது. ஒரே விழாவை முன்னிட்டு ஒரே ஆண்டிற் பிறந்த முகமும் பாலமும், நூறாண்டு கடந்து ஒரே சட்டைப்பையில் இரு காசுகளாய்ச் சந்தித்தன. உருவம் பொறிக்கத் தடையிருந்த இடத்தில் லிங்கனைக் கல்லே நினைவூட்டிற்று.

பாலம் அழகியது, சிறு வட்டத்துள் தெளிவாய் அமைவது, பார்த்தவுடன் அடையாளம் காணத்தக்கது. ஓடும் நீரை உலோகத்தில் வடித்தல் அரிது. 1902 ஆம் ஆண்டின் உடன்படிக்கையை வடித்தல் அதனினும் அரிது. எனவே கலைஞர் தெரிந்ததில் பிழை காண்பதற்கில்லை. எனினும் நிலத்தைத் தந்தோரின் செயல் படத்தில் இல்லை.

அச்செயல் வேறிரு வழியாய் நாணயத்துள் நுழைந்துளது. ஒன்று, விளிம்பையொட்டிப் பொறித்த சிக்கசோ என்னும் பெயர். மற்றொன்று கண்ணுக்குப் புலனாகாதது. எவ்விடம் முன்னர்த் தேசியக் காப்பிடமாயிற்றோ அதன் நாணயமே முன்னர் வெளிவர வேண்டும் என்பது சட்டத்தின் வரிசை முறை. 1899 இல் காக்கப்பட்ட விக்ஸ்பேர்க் போர்க்களத்துக்கு அடுத்ததாய், பத்தாவது நாணயமாகச் சிக்கசோ வெளிவந்தது. அவ்விடத்தை அதற்கு அளித்தது பிளாற்றின் பெயர் சூட்டிய 1906 அன்று. பாலம் எழுந்த 1909 உம் அன்று. இரு குலத்தார் தம் ஊற்றுக்களை ஒப்படைத்த 1902 ஆம் ஆண்டே அது.