பொது ஊழியர் நேர்மைச் சட்டங்கள் (தமிழ்நாடு)

அரசுப் பதவியில் இருப்போரின் லஞ்சத்தையும் முறைகேட்டையும் தண்டிக்கும் சட்டங்கள். முதலமைச்சரையும் விசாரணை வரம்புக்குள் கொண்டுவந்த துணிச்சலான மாநிலச் சட்டம் 1973-இல் மு. கருணாநிதி ஆட்சியில் இயற்றப்பட்டு, 1977-இல் நீக்கப்பட்டது. முதலமைச்சரும் பொது ஊழியரே என 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா அமைப்புக்கான மாநிலச் சட்டம் 2018-இல்தான் வந்தது.

இத்தகைய சட்டங்களில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தை நேரடியாகத் தொடுவது, அதே ஆண்டில் திருத்தப்பட்ட மத்திய ஊழல் தடுப்புச் சட்டம். இங்கே சிறிய உதிரிபாகத் தொழிற்சாலை தொடங்குபவர்கூட பட்டா மாற்றம், கட்டட வரைபட அனுமதி, தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. நிறுவனத்துக்காகக் கொடுக்கப்பட்டால் நிறுவனத்துக்கும் அபராதம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். இந்தக் கெடு மிகக் குறைவு: கோப்பு இன்னும் லஞ்சம் வாங்கிய அதிகாரியின் மேசையில் கிடக்கும்போதே கொடுத்தவர் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போயாக வேண்டும். அதிகாரி எடுத்த முடிவுகளை விசாரிக்க முன் அனுமதி கேட்கும் 17அ பிரிவும் இதே திருத்தத்தில் சேர்ந்தது. கையும் களவுமாகப் பிடிபடுவோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.