வாலும் கருப்பையும்: இரு வினாக்களின் வரலாறு

ஜொகூரில் எம் வகுப்பு மாணவி ஒருத்தி இரு வினாக்கள் தொடுத்தாள். தலைப்பிரட்டையின் வால் எங்கே மறைகிறது? அம்மாவின் வயிற்றில் தம்பிக்கு இடம் எப்படி வந்தது? பின்னதைக் கேட்டு வகுப்பு நகைத்தது. ஆயினும் இரண்டிற்கும் ஓர் உறவுண்டு.

1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், திசுக்களைத் தாங்கும் கொலாஜன் புரதம் முப்புரிக் கயிறு போன்றது என்றனர். 1962-இல் அமெரிக்காவில் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும், அக்கயிற்றை அறுக்கும் நொதியைத் தலைப்பிரட்டையின் வாலில் கண்டனர். அந்நொதியின் குடும்பம் பின்னர்க் கருப்பையிலும் அறியப்பட்டது. கரு பதியும்போது அது உட்சுவரை நெகிழ்த்தி இடமமைக்கிறது. தாயின் தடுப்புப் புரதங்கள் அதற்கு எல்லை வகுக்கின்றன.

அம்மாணவி கேட்டிராவிடில் இவ்வரலாற்றை யான் தேடியிரேன். ஆசிரியரே, பெற்றோரே! பிள்ளைகளின் வினாவை நகைத்து ஒதுக்காதீர்.