கணினிவழி அறிதிறன் பயிற்சி

லேசான மறதி நோய் உள்ளவர்களின் நினைவு, கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றுக்குக் கணினியிலோ தொடுதிரையிலோ அளிக்கப்படும் பயிற்சி. கவிழ்ந்து கிடக்கும் சீட்டுகளில் ஒரே படமுள்ள இரண்டைத் தேடித் தொடுவது ஒரு பயிற்சி. சரியாகச் செய்யச் செய்யச் சீட்டுகள் கூடும், தடுமாறினால் குறையும்.

பயன்: அறிதிறன் பயிற்சிகள் குறித்த 2019-ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஓரளவு முன்னேற்றத்தைக் காட்டியது; மற்றச் சிகிச்சைகளைவிட மேலானதாகக் காட்டவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2018-இல் அல்சைமர் நோயாளிகளுக்கு அறிதிறன் பயிற்சியைப் பரிந்துரைக்க மறுத்து, குழு அறிதிறன் தூண்டல் சிகிச்சையை ஏற்றது.

தமிழகத்தில்: சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் இத்தூண்டல் சிகிச்சையை நம் சூழலுக்கேற்ப மாற்றிப் பரிசோதித்தது. வழக்கமான முறையில் வாரம் இருமுறையாக 7 வாரங்களில் 14 அமர்வுகள். பேச்சு, பாட்டு, விளையாட்டு எனக் கூடியிருந்து செய்வதே இதன் வலிமை. திரை மட்டும் துணையாகிவிடக் கூடாது.

கவனிக்க: பயிற்சி நோயைக் குணப்படுத்தாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. எனவே ஒரகடம், வடக்குப்பட்டு வட்டாரத்தினர் இப்பயிற்சிக்கான செயலியை வாங்குமுன் காஞ்சிபுரம் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் பெரியவர்களைக் காட்ட வேண்டும்.