கேட்கக் கற்ற போதகர்

கிறிஸ்து சமயத்தைப் பரப்பும் நோக்குடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. பேசுதற்கு முன் அவர் கற்க வேண்டியதாயிற்று. பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகினார். பின்னர் வழியிலும் சத்திரத்திலும் மக்களைக் கண்டு உரையாடினார். அவர்களோ வாளா கேட்டிருக்கவில்லை, எதிர்வினா விடுத்தனர். அவ்வினாக்களையும் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய நூலை ஹாலே நகரத்துப் பெரியோர் அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. மதம் மாற்ற வந்தவர் அம்மதத்தின் வரலாற்றுக்கே சான்றாளர் ஆனார்!

அவர் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. பிறமொழி நிலத்தில் வாழும் நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: அயலார் தெருவில் பேச விழைவோர் முதற்கண் அவர்தம் மொழியைக் கேட்டுப் பழகல் வேண்டும்.