களிம்பும் ‘சுத்தமும்’

செம்பின் களிம்பைச் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்கிறது. கூடவே பிறந்த அழுக்கு. எம்.ஏ. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். காற்றும் ஈரமும் பட்டு உண்டாகும் அந்தப் பச்சையில் செம்பின் கார்பனேட்டும் உண்டு. ஐரோப்பிய வேதியியல் ‘சுத்தமான சேர்மம்’ என்ற கருத்தாக்கத்தை நிறுவ எடுத்துக்கொண்டதும் இதே பொருளைத்தான் என்பது வேடிக்கை.

1799இல், ஸ்பெயினில் வேலைபார்த்த பிரெஞ்சுக்காரர் ஜோசப் புரூஸ்ட், செம்பை அமிலத்தில் கரைத்துச் சோடியம் கார்பனேட்டை ஊற்றினார். பச்சைப் பொடி அடியில் படிந்தது. 100 பங்கு செம்புக்கு எப்போதும் 180 பங்கு பொடி. மண்ணுக்குள் கிடைக்கிற மாலகைட்டிலும் அதே விகிதம். இயற்கைக்கு ஒரு தராசு, மனிதனுக்கு ஒரு தராசு கிடையாது என்றார். மாறா விகித விதியின் தொடக்கம் இது.

எதிர்த்தவர் பெர்த்தொலே. 1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போனவர் (ஆக்கிரமிப்பின் முதுகில் ஏறிப்போன விஞ்ஞானம் என்பதையும் குறித்துக்கொள்வோம்). அங்கே நேட்ரான் ஏரிக்கரைகளில், உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து சோடாவாகிக் கிடப்பதைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர்த் திசை. பொருளின் அளவு கூடினால் வினையே திரும்பி ஓடும் என்றால், சேர்மத்தின் விகிதம் மட்டும் எப்படி மாறாமலிருக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால் அவர் காட்டிய உதாரணங்களில் பல வெறும் கலவைகள் என்று புரூஸ்ட் நிரூபித்தார். பாடப்புத்தகம் அத்தோடு பெர்த்தொலேயைத் தோற்றவர் கணக்கில் தள்ளிவிட்டது. 1864இல் குல்ட்பெர்க்கும் வாகேயும் வகுத்த நிறைவினை விதியில் அவருடைய எண்ணம்தான் திரும்பி வந்தது. இருபதாம் நூற்றாண்டில், விகிதம் மாறக்கூடிய திண்மங்களுக்குக் குர்னகோவ் அவர் பெயரையே வைத்தார். இதையெல்லாம் யார் நமக்குச் சொன்னார்கள்?

எனக்கு உறுத்துவது அந்த 180. மாலகைட்டில் இரண்டு செம்புக்கு ஒரு கார்பனேட், இரண்டு ஹைட்ராக்சைடு. இன்றைய அணு நிறைகளை வைத்துக் கணக்குப் போட்டால் 174தான் வருகிறது. பொடி சரியாகக் காயாமல் இருந்திருக்கலாம். அதனால் விதி பொய்யாகிவிடாது. புரூஸ்ட் பிடித்துக்கொண்டது எண்ணை அல்ல, அது மாறாமல் இருந்ததை. என்றாலும் துல்லியம் பற்றிய ஒரு பெருங்கதையாடல் ஈரப்பொடியின்மேல் எழும்பியிருக்கிறது என்றால் சும்மா கடந்து போகமுடியவில்லை.

பெயரிலும் ஒரு மறைப்பு. ‘காப்பர் கார்பனேட்’ என்று சீட்டு ஒட்டிய குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த காரக் கார்பனேட்டு. ஹைட்ராக்சைடு இல்லாத கார்பனேட்டு, செம்புக் கரைசலில் சோடாவை ஊற்றினால் கிடைக்காது. உயர் அழுத்தத்தில் அதைச் செய்துகாட்ட 1973 வரை ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் அந்தப் பச்சைப் பொடியைச் சோதனைக் குழாயில் போட்டுச் சுடவைக்கிறோம். பொடி கறுக்கிறது, கரியமிலவாயு போகிறது. சமன்பாட்டிலும் இவ்வளவுதான் எழுதுகிறோம். குழாயின் வாய்ப்பக்கம் துளித்துளியாகத் தண்ணீர் கோத்து நிற்கும். பெயரில் இல்லாத ஹைட்ராக்சைடு அது.